நினைவுப் போலீஸ் வராத ஊர்கள்

டிஸ்டோபியா நாவல், வரக்கூடிய கேட்டை வந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு கதை சொல்கிறது. அரசோ கம்பெனியோ இயந்திரமோ மனித வாழ்வை முழுதாகக் கைப்பற்றிய பிறகு மிஞ்சுவது என்ன என்று பார்ப்பது அதன் வேலை. இவ்வகையில் நினைவையும் அடையாளத்தையும் பற்றி எழுதப்பட்ட நாவல்கள் பெரும்பாலும் ஒரே கணக்கிலிருந்து கிளம்புகின்றன. ஒருவரின் நினைவைப் பறித்துவிட்டால் அவரையே பறித்தாயிற்று என்பது அந்தக் கணக்கு. இது எந்த அளவுக்குச் சரி, எங்கே தவறுகிறது என்பதை அந்த நாவல்களைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. மறதி உண்மையில் நடந்த நிலம் ஒன்றும் பக்கத்தில் வேண்டும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அதற்கு ஏற்றவை. ஒரு பேரரசின் தலைநகரையே மறந்த மண் அது.

முதலில் நாவல்கள். ரஷ்ய எழுத்தாளர் யெவ்கெனி ஸமியாத்தின் 1920களின் தொடக்கத்தில் எழுதிய ‘நாம்’ நாவலில் குடிமக்களுக்குப் பெயர் கிடையாது. ஓர் எழுத்தும் சில எண்களும்தான். கற்பனையை அறுவை சிகிச்சை செய்து நீக்கிவிடுகிறார்கள். 1949இல் வந்த ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலில் அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை. பழைய செய்தித்தாளைத் திருத்தி அச்சடித்துவிட்டு, திருத்தத்துக்கு முந்தைய தாளை நெருப்புக்கு அனுப்பிவிட்டால் போதும். சான்று இல்லாத நினைவு நாளடைவில் பைத்தியக்காரத்தனமாகிவிடும். ஆர்வெல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்து, பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். அலுவலகக் காகிதத்துக்கு இருக்கும் வலிமையைக் காலனி அரசின் உள்ளேயே பார்த்தவர் அவர். லோயிஸ் லௌரியின் ‘தி கிவர்’ (1993) வேறு வழியில் போகிறது. சமூகத்தின் எல்லா நினைவுகளையும் ஒரே ஆளிடம் ஒப்படைத்துவிட்டு மற்றவர்கள் வலியில்லாமல் வாழ்கிறார்கள்.

இவற்றுள் மறதியையே முழுப் பொருளாகக் கொண்டது யோகோ ஒகாவாவின் ‘நினைவுப் போலீஸ்’. ஜப்பானிய மொழியில் 1994இல் வெளிவந்து, ஸ்டீபன் ஸ்னைடரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2019இல் வந்த பிறகே உலகம் அதைப் பரவலாகப் படித்தது. பெயர் சொல்லப்படாத ஒரு தீவு. அங்கே பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன: ரிப்பன், மணி, மரகதம், வாசனைத் தைலம், பறவை, ரோஜா, புகைப்படம், நாட்காட்டி. ஒரு நாள் காலையில் எழும்போது ஏதோ குறைகிறது என்று மக்களுக்குத் தெரிகிறது; மிச்சமிருக்கும் பொருளை ஆற்றில் விடுகிறார்கள், எரிக்கிறார்கள்; சில நாட்களில் அந்தப் பொருளைக் கையில் கொடுத்தாலும் அது எதற்கென்று தெரிவதில்லை. மறக்க முடியாத சிலரை நினைவுப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிறது. நாவலாசிரியையான கதைசொல்லி, மறக்காதவரான தன் பதிப்பாசிரியரை வீட்டில் ஒரு மறைவறை அமைத்துக் காப்பாற்றுகிறாள். பிறகு நாவல்களே மறைகின்றன, நூலகம் எரிகிறது. கடைசியில் மனிதர்களின் கால், கை என்று உடலும் மறையத் தொடங்குகிறது.

இந்த நாவலின் பலம் அதன் நிதானம். புரட்சி இல்லை, உரத்த வசனம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தொப்பி தைப்பதை விட்டுவிட்டுக் குடை செய்யப் போவதைப்போல மக்கள் இழப்போடு அனுசரித்துப் போகிறார்கள். மறதி பயங்கரமாக இருப்பது அது வலிப்பதால் அல்ல, வலிக்காததால்தான் என்பதை ஒகாவா அளவுக்கு வேறு யாரும் காட்டவில்லை. குறை, அந்தத் தீவுக்கு வரலாறு இல்லை என்பது. யாருடைய நலனுக்காக ரோஜா மறைகிறது? இந்தக் கேள்வியை நாவல் கேட்பதே இல்லை. இதை உருவகத்தின் உரிமை என்று சொல்லி மன்னிக்கலாம். ஆனால் அப்படி மன்னிக்கும்போது, மறதிக்கு உலகில் எப்போதும் ஒரு பயனாளி உண்டு என்ற உண்மையும் சேர்ந்து மறைந்துபோகிறது.

தமிழில் இவ்வகைக்கு முன்னோடி சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்து, தொலைக்காட்சித் தொடராகவும் ஆகி, ‘மீண்டும் ஜீனோ’ என்று இரண்டாம் பாகமும் கண்டது. இருபத்தோராம் நூற்றாண்டின் முதல் கால்பகுதியில் ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயரோ இரண்டே எழுத்து. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்த மகிழ்ச்சியில் இருக்கும் நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்கு ரவி என்ற இளைஞன் ஜீனோ என்ற இயந்திர நாயோடு வந்து சேர்கிறான். சர்வாதிகாரியைத் தேடிப்போனால் அங்கே ஆள் இல்லை, ஒளியால் ஆன பிம்பம்தான் இருக்கிறது. ஆட்சி மாறியதும் நிலா ராணியாக்கப்படுகிறாள், ஆட்டிவைப்பவர்கள் வேறு.

இந்தக் கதையை வெகுஜனப் பத்திரிகைத் தொடர் என்று ஒதுக்கிவிடும் விமர்சகர்கள் அதன் கூர்மையான இடத்தைக் கவனிப்பதில்லை. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா எல்லாமே தமிழ் வீடுகளில் சாதாரணமாக வைக்கும் பெயர்கள். ஆணையால் வெட்டப்பட்ட பெயர்கள் என்று சொல்லப்படாவிட்டால் வாசகருக்கு உறுத்தவே உறுத்தாது. அடக்குமுறை அழகாகவும் சுருக்கமாகவும் வரும் என்பதை நீண்ட சொற்பொழிவு செய்யாமல் ஒரு விதியில் சுஜாதா காட்டிவிடுகிறார். இன்னொன்று ஜீனோ. மனிதர்கள் எண்களாகிவிட்ட உலகில் அந்த இயந்திர நாய்தான் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, கிண்டல் செய்கிறது, விசுவாசம் காட்டுகிறது. மனிதர்களிடமிருந்து நகர்ந்துபோன ஆளுமை போய்ச் சேர்ந்த இடம் அது. நினைவு சேரச் சேர ‘நான்’ உருவாகிறது என்ற தத்துவத்தை விளக்கச் சுஜாதா தேர்ந்தெடுத்தது மனிதரை அல்ல, பேட்டரியில் ஓடும் நாயை. நாவலில் வருவதைப் போலவே ஆளுக்கோர் எண் தரும் ஆதார் 2010இல் வழங்கப்படத் தொடங்கியது. சுஜாதா 2008இல் மறைந்துவிட்டார். நாவலின் அந்த எண்ணைத் தீர்க்கதரிசனம் என்று கொண்டாடுவோர் உண்டு. பாரத் எலக்ட்ரானிக்ஸில் பணியாற்றிய பொறியாளருக்கு இது தீர்க்கதரிசனமாகப் பட்டிருக்காது, வேலை போகும் திசையாகவே தெரிந்திருக்கும்.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அந்த உலகில் கிராமம் ஏறக்குறைய இல்லை. சாதி இல்லை. நிலத்தில் உழைக்கும் ஆள் இல்லை. பெயரை இரண்டு எழுத்தாக வெட்டும்போது தமிழ்ப் பெயரிலிருந்து எதெல்லாம் உதிரும் என்று நாவல் யோசித்துப் பார்க்கவில்லை. அப்பாவின் பெயர், ஊரின் பெயர், குலதெய்வத்தின் பெயர், சாதிப் பட்டம் எல்லாம் உதிரும். இவற்றில் கடைசியைத் தமிழ்ச் சமூகம் தானே முன்வந்து வெட்டியது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது பெரிதும் அருகியது. இங்கே பெயரைச் சுருக்குவது விடுதலையாகவும் இருந்திருக்கிறது. சர்வாதிகாரி செய்ததும் சீர்திருத்தக்காரர்கள் செய்ததும் மேலுக்கு ஒரே மாதிரித் தெரிகிற இந்த இடத்தில்தான் ஒரு பெரிய தமிழ் நாவல் தொடங்கியிருக்க வேண்டும். சுஜாதா அதைத் தாண்டி வேகமாகப் போய்விட்டார்; அடுத்த வாரத்துக்கு ஒரு திருப்பம் வேண்டுமே.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ (2016) வேறு வகை. தன் ‘மாதொருபாகன்’ நாவல் கிளப்பிய சர்ச்சைக்குப் பிறகு எழுத்தை நிறுத்துவதாக அறிவித்திருந்தவர், உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் எழுதிய நாவல் இது. மனிதரைப் பற்றி எழுதினால் ஆபத்து என்பதால் வெள்ளாட்டைப் பற்றி எழுதுவதாக முன்னுரையில் சொல்கிறார். மானாவாரிக் காடு, வயதான தம்பதி, பெரும் உருவம் கொண்ட அந்நியன் ஒருவன் கொடுத்துவிட்டுப் போன கறுப்பு ஆட்டுக்குட்டி. குட்டி பிறந்தால் அரசிடம் பதிவு செய்து காது குத்தி எண் மாட்ட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். குட்டி எங்கிருந்து வந்தது என்பதற்கு அதிகாரிகள் ஏற்கக்கூடிய கதையும் கையில் இருக்க வேண்டும். இந்த வரிசைக் காட்சி தமிழ் டிஸ்டோபியாவின் உச்சம் என்று சொல்லலாம். ரேஷன் கடையிலும் தாலுகா ஆபீசிலும் நின்ற எவருக்கும் அதற்கு உரை தேவையில்லை. இன்று கால்நடைகளின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் அட்டை தொங்குவதைப் பெரம்பலூர்ப் பக்கம் மேய்ச்சலுக்குப் போகும் எந்த மந்தையிலும் பார்க்கலாம். அந்த அட்டை தடுப்பூசிக் கணக்குக்கு உதவுகிறது என்பதும் உண்மை. நாவலின் அரசுக்கு அப்படி ஒரு நல்ல பக்கம் கிடையாது. அது இவ்வகை எழுத்தின் பொதுவான ஒருதலைப் போக்கு.

இனி நிலத்துக்கு வரலாம். முதலாம் ராஜேந்திர சோழன் ஏறத்தாழ 1025இல் தலைநகரைத் தஞ்சாவூரிலிருந்து, இன்று அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு மாற்றினான். அடுத்த இரண்டரை நூற்றாண்டுக் காலம் சோழ ஆட்சி அங்கிருந்துதான் நடந்தது. 1279க்குப் பின் சோழர் மறைந்தனர். நகரமும் மறைந்தது; கோயிலும் அதைச் சுற்றி ஒரு சிற்றூரும் எஞ்சின. சோழகங்கம் என்று பெயரிடப்பட்ட மாபெரும் ஏரி பொன்னேரி ஆயிற்று. அரண்மனை இருந்த இடம் மாளிகைமேடு என்ற பெயரில் மண்மேடாகக் கிடந்தது. சுற்று வட்டாரத்தார் வீடு கட்டச் செங்கல் வேண்டுமென்றால் அங்கே தோண்டினார்கள். சோழன் சுட்ட செங்கல் குடியானவன் வீட்டுச் சுவரானது. தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலும் பிறகு 2020களிலும் அங்கே அகழ்ந்தபோது, செங்கல் சுவர்களும் கூரை ஓடுகளும் சீனப் பானை ஓடுகளும் கிடைத்தன.

இந்த மறதியின் கடுமையான கட்டம் 1836. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது கோயிலின் சுற்று மதிலைப் பெரும்பாலும் இடித்து, கருங்கல்லை அணைக்குக் கொண்டுபோனார்கள். ஊர் மக்கள் தடுக்கப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித்தருவதாக வாக்குக் கொடுத்தார்கள்; அதையும் நிறைவேற்றவில்லை. இதைப் பதிவு செய்த 1855ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்றை வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி ‘சோழர்கள்’ நூலில் எடுத்துத் தந்திருக்கிறார்.

டிஸ்டோபியா நாவலின் இலக்கணத்தில் வைத்துப் பார்த்தால் இங்கே எல்லாம் இருக்கிறது: அந்நிய அரசு, எதிர்த்த மக்கள், தண்டனை, அழிக்கப்பட்ட நினைவுச் சின்னம். ஒன்று மட்டும் இல்லை. அழிக்க வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. சோழரின் நினைவைத் துடைக்கக் கம்பெனி அரசு அந்த மதிலை இடிக்கவில்லை. பக்கத்தில் வெட்டிச் செதுக்கிய கல் தயாராக இருந்தது, வண்டிக் கூலி மிச்சம். அந்த அணையிலிருந்து பிரியும் வடவாற்றின் வழியே தண்ணீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. முதலாம் பராந்தகன் காலத்துச் சோழ ஏரி அது. ஒரு சோழனின் மதிலைத் தின்ற அணை இன்னொரு சோழனின் ஏரியை நிரப்புகிறது. அந்தத் தண்ணீரில் நெல் விளைகிறது. சென்னைக்கும் குழாயில் போகிறது. இதில் குற்றவாளி யார், பயனாளி யார் என்று பிரித்துச் சொல்லும் வல்லமை ஆர்வெலின் வடிவத்துக்கு இல்லை. அங்கே தாளை எரிப்பவனுக்கு எரிப்பதே நோக்கம். இங்கே கல்லைத் தூக்கியவனுக்கு நோக்கம் பாசனம், மறதி அதன் கழிவு.

சுண்ணாம்புக்கல்லின் கதையும் இதே சாயலில்தான் ஓடுகிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் இப்பகுதியில் கடல் ஏறி இறங்கியது. அதில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும் படிந்த பாறைதான் அரியலூரின் சுண்ணாம்புக்கல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 1940இல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் பதினெட்டு மீட்டர் நீளம், ஏறத்தாழ பன்னிரண்டு கோடி ஆண்டு பழமை. ஆராய்ச்சியாளருக்குப் புதைபடிவம் தரும் பாறையும் ஆலைக்குச் சிமென்ட் தரும் பாறையும் ஒன்றே. அரசு ஆலையும் தனியார் ஆலைகளும் அதைத் தோண்டி எரித்துத்தான் மாவட்டத்தின் பிழைப்பு நடக்கிறது. சுரங்கம் வெட்டாமல் இருந்திருந்தால் பல புதைபடிவங்கள் வெளியே வந்திருக்கவே மாட்டா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெளிக்கொணரும் கையே அழிக்கும் கையாக இருப்பதை எந்த டிஸ்டோபியாவும் இதுவரை சரியாகப் பிடிக்கவில்லை. ஒகாவா மட்டும் சற்றே கிட்டத்தில் வருகிறார். ரோஜா இதழ்களை ஆற்றில் விடுவது போலீஸ் அல்ல, தோட்டக்காரர்களே.

இதுவரை பார்த்தது நினைவு போன கதை. இந்த வட்டாரம் தரும் அரிய சான்று நினைவு திரும்பி வந்ததைப் பற்றியது. பாடாலூருக்கு அருகே, இன்று திருச்சி மாவட்டத்துக்குள் இருக்கும் ஊட்டத்தூர்க் கோயிலில் மூன்றாம் குலோத்துங்கனின் நாற்பதாம் ஆட்சியாண்டு, அதாவது 1217-18, கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இடங்கை எனப்பட்ட சாதிப் பிரிவைச் சேர்ந்த தொண்ணூற்றெட்டுக் குழுவினரும் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. காசியப முனிவரின் வேள்வியைக் காக்க அக்கினி குண்டத்திலிருந்து தோன்றியவர்கள் தாங்கள் என்கிறார்கள். அரிந்தமன் என்ற சக்கரவர்த்தி அந்தணர்களைக் குடியேற்றியபோது அவர்களின் செருப்பையும் குடையையும் ஏந்தி உடன் வந்து, திருவெள்ளறை, பாச்சில், திருப்பிடவூர், ஊட்டத்தூர் முதலிய ஊர்களில் அமர்ந்ததாகச் சொல்கிறார்கள். அதன் பிறகு வருவதுதான் முக்கியம். முன்னோர்கள் தங்கள் சின்னங்களையும் சான்றுகளையும் காட்டிலும் புதரிலும் தொலைத்துவிட்டதால், தாங்கள் யார் என்பது தெரியாமலேயே இருந்துவிட்டார்களாம். இப்போது தெரிந்துகொண்டார்களாம். ஆகவே இனி ஒரு தாய் பிள்ளைகளாக நடப்பது, ஒருவருக்கு வரும் நன்மை தீமை எல்லோருக்கும், இடங்கைக்கு இழிவு நேர்ந்தால் சேர்ந்து நின்று உரிமையை நிலைநாட்டுவது என்று முடிவு செய்கிறார்கள்.

எண்ணூறு ஆண்டுக்கு முன்பு ஒரு சமூகக் கூட்டம், ‘நாங்கள் மறந்திருந்தோம்’ என்று கல்லில் வெட்டிவைத்திருக்கிறது. மறதியும் அடையாளமும் பற்றிய பேச்சில் இதைவிட நேரான ஆவணம் கிடைப்பது கடினம். ஆனால் திரும்பி வந்த அந்த நினைவு என்ன நினைவு? அக்கினி குண்டமும் சக்கரவர்த்தியும் குடையும் செருப்பும் நடந்த வரலாறு என்று எந்த ஆய்வாளரும் கொள்ள மாட்டார். தொண்ணூற்றெட்டுத் தனித்தனிக் குழுக்கள் ஒன்றாக நின்று உரிமை கேட்க ஒரு பொதுப் பிறப்பு தேவைப்பட்டது; அதை உண்டாக்கிக்கொண்டார்கள். இல்லாத நினைவுக்கு இடம் விட, முதலில் ஒரு மறதியையும் சேர்த்தே உண்டாக்கிக்கொண்டார்கள். இதைப் பொய் என்று தள்ளிவிடுவது சுலபம். பொய்யோ மெய்யோ, பிற்காலச் சோழ நாட்டில் கீழே வைக்கப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்து நிற்க அது உதவியது. செருப்புச் சுமந்ததையும் பெருமையாகச் சொல்ல வேண்டியிருந்த காலம் என்பதையும் அந்தக் கல்வெட்டே காட்டிவிடுகிறது. நினைவு, விடுதலைக்கான கருவி. கீழ்ப்படிதலின் சுவடும் அதிலேயே ஒட்டியிருக்கிறது.

டிஸ்டோபியா நாவல்கள் பெரிதும் இடறும் இடம் இது. அவற்றில் மீட்கப்பட்ட நினைவு எப்போதும் உண்மையான நினைவு. லௌரியின் சிறுவன் பெறும் பனியும் சூரியனும் ஐயத்துக்கு இடமற்றவை. ஒகாவாவின் கதைசொல்லியுடைய தாய் இழுப்பறையில் ஒளித்துவைத்த மரகதம் மரகதமேதான். அழிப்பவன் பொய்யன், காப்பவன் மெய்யன் என்ற பிரிவு அந்த நாவல்களின் அடித்தளம். ஊட்டத்தூரில் அந்த அடித்தளம் நிற்காது. காப்பவனும் புனைபவனும் அங்கே ஒருவனே.

பழுவூர் இன்னும் நல்ல உதாரணம். அரியலூர் மாவட்டத்தின் மேலப்பழுவூர், கீழப்பழுவூர், கீழையூர் கோயில்களில் சோழர் காலச் சிற்றரசர்களான பழுவேட்டரையர்களின் கல்வெட்டுகள் ஏராளமாக இருக்கின்றன. குமரன் மறவன், கண்டன் அமுதன், மறவன் கண்டன், கண்டன் மறவன் என்று தலைமுறை தலைமுறையாகப் பெயர்கள். முதலாம் பராந்தகன் பழுவேட்டரையர் மகளை மணந்ததை அன்பில் செப்பேடு சொல்கிறது. அவள் மகன்தான் அரிஞ்சயன். வரலாற்று ஆய்வாளர் இரா. கலைக்கோவன் இக்கோயில்களையும் கல்வெட்டுகளையும் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் தமிழ்நாட்டில் பழுவேட்டரையர் என்றதும் மனத்தில் வருவது 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ கிழவர். அறுபத்துநான்கு விழுப்புண், இளம் மனைவி நந்தினி, சதியாலோசனை. திரைப்படம் வந்த பிறகு அதற்கு நடிகரின் முகமும் ஒட்டிக்கொண்டது. கல்கி எதையும் அழிக்கவில்லை. சொல்லப்போனால் பழுவூர் என்ற பெயரையே பல லட்சம் பேருக்குச் சேர்த்தவர் அவர்தான். ஆனாலும் கல்வெட்டின் கண்டன் மறவனுக்கு இனி அந்தக் கிழவரின் நிழலிலிருந்து வெளியே வருவது கடினம். அன்பினால் நடக்கும் இந்த வகை மாற்றீடு, வெறுப்பினால் நடக்கும் அழிப்பைவிட நீடித்தது. கவர்ச்சியான கதை உண்மையை முந்திக்கொள்வதற்கு இன்னொரு சான்றும் உண்டு: 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் உருண்டைக் கற்கள் கிடைத்ததும் டைனோசர் முட்டை என்று செய்தி பறந்தது. அவை கடல் படிவங்களால் உருவான கல் உருண்டைகள் என்று வல்லுநர்கள் விளக்கினார்கள். விளக்கம் பறக்கவில்லை.

அரியலூர் என்ற பெயரே நாட்டின் நினைவில் தங்கியது ஒரு விபத்தினால். 1956 நவம்பர் 23 அதிகாலை, மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பள்ளிப் புத்தகத்திலும் மேடையிலும் இன்றுவரை சொல்லப்படுவது ராஜினாமா. இறந்தவர்களின் ஊர் பேர் எதுவும் அல்ல. பொது நினைவு இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. யாரும் ஆணையிடவில்லை.

நிர்வாகமும் இந்த மக்களின் அடையாளத்தோடு விளையாடிப் பார்த்திருக்கிறது. திருச்சிராப்பள்ளியிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. 2001 ஜனவரி 1இல் அதிலிருந்து அரியலூர் தனி மாவட்டமானது. 2002 மார்ச் 31இல் மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. ஏழு ஆண்டுக்குள் மாவட்டம் வந்து, போய், வந்தது. ‘1984’ நாவலில் பகை நாடு ஒரே நாளில் நட்பு நாடாகும்போது மக்களின் மூளையே புரள்கிறது. இங்கே முகவரியும் ரேஷன் அட்டையும் முத்திரையும் மாறின; ஜெயங்கொண்டத்துக்காரர் ஜெயங்கொண்டத்துக்காரராகவே இருந்தார். அரசின் ஏட்டில் இருக்கும் அடையாளத்துக்கும் ஆளுக்கு உள்ள அடையாளத்துக்கும் நடுவே இந்த நாவல்கள் நம்புவதைவிட அதிக இடைவெளி இருக்கிறது. ஊர், குலசாமி, உறவுமுறை, பேச்சு வழக்கு என்று பல முனைகளில் கட்டப்பட்ட ஆள் ஒரு முனை அறுந்ததும் விழுந்துவிடுவதில்லை. டிஸ்டோபியாவின் நாயகர்கள் பெரும்பாலும் தனி அறையில் வாழும் ஒற்றை மனிதர்கள். ஆகவே ஒரே வெட்டில் சாய்கிறார்கள்.

அந்த முனைகளில் ஒன்று சாதியும்தான் என்பதால், மறதி எல்லாமே இழப்பு என்ற கணக்கும் இங்கே பொய்த்துவிடுகிறது. எந்தத் தெரு யாருடையது, எந்தக் கோயிலுக்குள் யார் வரக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவரும் நினைவும் நினைவுதான். அது அழிந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிறைய உண்டு. இந்தச் சிக்கலை நேராகத் தொட்டது ஆங்கிலத்தில் கசுவோ இஷிகுரோவின் ‘புதையுண்ட அரக்கன்’ (2015). ஒரு பெண் டிராகனின் மூச்சு மூடுபனியாகப் பரவி எல்லோரையும் மறக்கவைக்கிறது. அந்த மறதியால்தான் இரண்டு இனங்கள் வெட்டிக்கொள்ளாமல் வாழ்கின்றன. டிராகனைக் கொன்றால் நினைவும் வரும், பழியும் வரும். இதை டிஸ்டோபியா என்று முழுதாக வகைப்படுத்த முடியாது. அந்த வகையின் கணக்கைத் திருப்பிக் கேட்டதே அதன் சிறப்பு.

இத்தனை குறை சொன்ன பிறகும் இந்த வடிவத்துக்கு ஒரு வலு மிஞ்சுகிறது. மெதுவாக நடப்பதை அது வேகமாக்கிக் காட்டுகிறது. கங்கைகொண்ட சோழபுரம் மண்மேடாகப் பல தலைமுறைக் காலம் ஆனது. நடுவில் வாழ்ந்த எந்தத் தலைமுறைக்கும் தான் மறந்துகொண்டிருப்பது தெரிந்திருக்காது. ஒகாவாவின் தீவில் அது ஓரிரு தலைமுறைக்குள் நடந்துவிடுவதால் கண்ணுக்குப் படுகிறது. வரலாற்று நூல் செய்ய முடியாத வேலை இது. எண்ணிடுதல், பதிவு, வரிசை போன்ற நிர்வாகச் செயல்கள் அன்றாடமாகி யாரும் கவனிக்காத நிலைக்குப் போய்விட்ட பிறகு, அவற்றை மறுபடி விசித்திரமாகத் தெரியவைப்பதும் இந்த வடிவத்தால்தான் முடிகிறது. மதிலை இடிக்கும்போது தடுத்துத் தண்டனை பெற்ற அந்த ஊர் மக்களின் பக்கம் நின்று பேசவும் அதற்குத் தெரியும். அவர்களில் ஒருவர் பெயரும் 1855ஆம் ஆண்டுக் குறிப்பில் இல்லை.

தமிழ் நாவல்கள் இரண்டையும் இந்த நிலத்தின் முன் நிறுத்தினால், ‘என் இனிய இயந்திரா’ எண்ணைப் பற்றிச் சரியாகவும் மனிதரைப் பற்றி மெலிதாகவும் எழுதப்பட்ட நாவல். அதன் வேகமும் ஜீனோவின் கிண்டலும் இன்றும் வாசிக்கவைக்கும். அதன் உலகம் ‘கலைக்கதிர்’ அறிவியல் இதழின் கட்டுரை போலப் பழசாகிவிட்டது. ‘பூனாச்சி’யின் அரசு ஒருதலையாக இருந்தாலும், காது குத்தும் வரிசையில் நிற்கும் கிழவிக்கு ஊரும் உறவும் பசியும் பயமும் இருக்கின்றன, குட்டியின் பிறப்புக்கு ஒரு கதை சொல்லிச் சமாளிக்கவும் அவளுக்குத் தெரிகிறது. ஊட்டத்தூரில் கூடிய தொண்ணூற்றெட்டுக் குழுவினர் செய்ததும் ஏறத்தாழ அதுவே. அந்த ஒரு காரணத்தால் இரண்டில் சிறந்தது ‘பூனாச்சி’.